மக்களே வோட்டு போட்டு வரியை மாத்தலாமா? மாத்தலாம், ஆனா பில்லு யார் வீட்டுக்குப் போகுதுன்னு பாருங்க

கேள்வி இதுதான்: அமெரிக்கால சில மாநிலங்கள்ல மக்களே கையெழுத்து வாங்கி, அதை தேர்தல்ல வெச்சு, வரிச் சட்டத்தையே மாத்திடலாம்னு சொல்றாங்களே, அநியாயமான வரியை அப்படி சரி பண்ணின கதை நிஜமா இருக்கா, இல்ல சும்மா ஏட்டுல இருக்கற உரிமையா?

இருக்குங்க. நான் குடியிருக்கற கலிஃபோர்னியாவுல நடந்ததுதான் அதுல பெரிய கதை. ஆனா அதை வெற்றிக்கதைன்னு சொல்றதா வினைன்னு சொல்றதா, எனக்கே வருஷத்துக்கு ரெண்டு தடவை, டிசம்பர் 10க்கும் ஏப்ரல் 10க்கும் முன்னாடி வீட்டு வரி கட்டும்போதெல்லாம் குழப்பமா இருக்கும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

2016ல சான் ஹோசேல ஒரு பழைய வீடு வாங்கினோம், ஒன்பதரை லட்சம் டாலர். மூணு பெட்ரூம், ஒட்டினாப்ல ஒரு கராஜ், அவ்வளவுதான். முதல் வருஷ ப்ராப்பர்ட்டி டாக்ஸ், ஃபீஸ் எல்லாம் சேத்து, கிட்டத்தட்ட 12 ஆயிரம் டாலர். பக்கத்து வீட்டுல ஒரு வெள்ளைக்கார பாட்டி, அவங்க வீடும் அதே பில்டர் அதே வருஷம் கட்டினது, சொல்லப்போனா எங்க வீட்டைவிட கொல்லைப்புறம் பெருசு, அங்க ஒரு எலுமிச்சை மரம் வேற, பை நிறைய பறிச்சு வேலிக்கு மேல நீட்டுவாங்க. வீட்டுக்கு வரி மதிப்பு போடுற கவுண்டி (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) அதிகாரிக்கு அசஸர்னு பேரு, அவரோட வெப்சைட்ல அட்ரஸ் போட்டா யார் வீட்டோட வரி மதிப்பையும் பாத்துக்கலாம், ரகசியமே கிடையாது. ஒரு நாள் சும்மா இருக்காம பாட்டி வீட்டை தட்டிப் பாத்தேன். அரசாங்கக் கணக்குல அவங்க வீட்டோட மதிப்பு 90 ஆயிரம் டாலர். வரி, அந்த ஃபீஸ் இந்த ஃபீஸ் எல்லாம் சேத்து 1,600 சொச்சம். ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி, ஒரே ஸ்கூல். நான் கட்டுறதுல ஏழுல ஒரு பங்கு.

எனக்கு வந்த எரிச்சல் உங்களுக்குப் புரியும். ஆனா பாட்டிகிட்ட 1977 பத்திக் கேட்டா அவங்க சொல்ற கதைல நியாயம் முழுக்க அவங்க பக்கம்தான் இருக்கும், அதுதான் இதுல விசேஷம். அவங்க வீட்டுக்காரர் பழத்தை டப்பாவில அடைக்கற ஃபேக்டரில வேலை பாத்தவர். 1972ல வீடு வாங்கினாங்க. அஞ்சே வருஷத்துல வீட்டு விலை எகிறிடுச்சு, வரியும் கூடவே எகிறிடுச்சு, சம்பளம் மட்டும் அங்கயே நின்னுடுச்சு. "சமையல்கட்டுல ஒழுகற குழாயைக்கூட நாங்க மாத்தல, எங்க வீடு எப்படி ரெட்டிப்பு ஆச்சு?"ன்னு கடைசி வரைக்கும் கேப்பாங்க.

அவங்க கேள்விக்கு பதில் வேணும்னா ஒரு பத்து வருஷம் பின்னாடி போகணும். 1960கள்ல அங்க அந்த அசஸர் தேர்தல்ல ஜெயிச்சு வர்ற ஆளு. வோட்டு வேணுமேன்னு வீடுகளுக்கு கம்மியா மதிப்பு போடுவாங்க, எழுதாத சலுகை. கம்பெனிகளுக்கு மதிப்பைக் கூட்டிப் போட்டு அப்புறம் "கவனிச்சா" குறைக்கறதுன்னு ஒரு வழியும் ஓடிட்டு இருந்துச்சு. சான் ஃபிரான்சிஸ்கோ அசஸர் ரஸல் வோல்டன் லஞ்ச வழக்குல மாட்டி தண்டனையே வாங்கினார். ஊரே நாறிப்போச்சு. உடனே சட்டசபை 1966ல ஒரு சீர்திருத்தச் சட்டம் போட்டுச்சு: இனிமே வீடோ கடையோ எல்லாத்துக்கும் மார்க்கெட் விலைல ஒரே சதவீதம், 25 சதவீதம், அதுதான் வரி மதிப்பு, யாருக்கும் தனிச் சலுகை கிடையாது. கேக்க எவ்வளவு நேர்மையா இருக்கு பாருங்க. ஆனா இந்த நேர்மைலதான் வீட்டுக்காரங்க வரி ஏறுச்சு, ஏன்னா திருட்டுத்தனமா கிடைச்சிட்டிருந்த தள்ளுபடி போயிடுச்சு. "அந்த திருட்டு அசஸரையே திரும்பக் கொண்டு வாங்க"ன்னு சான் ஃபிரான்சிஸ்கோல கார் பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டினாங்களாம். வரி விஷயத்துல ஜனங்களோட கோபம் எப்படி வேலை செய்யும்னு இதைவிட சுருக்கமா யாரும் சொல்லிட முடியாது.

அப்புறம் 70கள்ல விலைவாசி பிச்சுக்கிட்டு போச்சு, வீட்டு விலை அதைவிட வேகமா. மதிப்பு ஏறும்போது வரி விகிதத்தையாவது உள்ளூர் நிர்வாகங்கள் குறைச்சிருக்கணும், பெரும்பாலும் குறைக்கல, வர்ற காசு வரட்டும்னு இருந்துட்டாங்க. சராசரியா மார்க்கெட் விலைல 2.67 சதவீதம் வரி. இதுல கொடுமை என்னன்னா மாநில கஜானால அதே சமயம் கிட்டத்தட்ட 500 கோடி டாலர் உபரியா கெடந்துச்சு. கவர்னர் ஜெர்ரி ப்ரவுன் (இங்க கவர்னர்னா நம்ம ஊரு முதலமைச்சர் மாதிரி), சட்டசபை ரெண்டு பேரும் 1977 முழுக்க பேசிப் பேசியே ஓட்டினாங்க, வரிக்குறைப்பு மசோதா நிறைவேறாமலே வருஷம் முடிஞ்சு போச்சு. ரிட்டயரான கெழவி வரி கட்ட வழி இல்லாம நிக்கறா, சர்க்கார் பெட்டில காசு வழியுது. இதுக்கு மேல ஒரு கிளர்ச்சிக்கு என்ன வேணும்.

இந்த இடத்துலதான் நீங்க கேட்ட அந்த கையெழுத்து வழி வருது. கலிஃபோர்னியால அது 1911லேர்ந்து இருக்கு. அப்போ சதர்ன் பசிஃபிக் ரயில்வே கம்பெனி மாநில அரசியலையே சட்டைப்பைல வெச்சிருந்துச்சுன்னு கோபப்பட்டு ஹைரம் ஜான்சன்ங்கற கவர்னர் காலத்துல கொண்டு வந்தது. முறை இதுதான்: சட்டத்தை நீங்களே எழுதலாம், வக்கீல் வெச்சு எழுதிக்கணும் அது வேற விஷயம். அட்டர்னி ஜெனரல் ஆபீஸ் அதுக்கு ஒரு தலைப்பும் சுருக்கமும் போட்டுத் தரும் (இந்தத் தலைப்புல ரெண்டு வார்த்தை அப்படி இப்படி இருந்தா தேர்தலே மாறிடும், அதனால இதுக்கே கேஸ் போடுவாங்க). அப்புறம் குறிப்பிட்ட நாளுக்குள்ள கையெழுத்து. சாதா சட்டம்னா போன கவர்னர் தேர்தல்ல விழுந்த வோட்டுல 5 சதவீதம், அரசியல் சட்டத்தையே திருத்தணும்னா 8 சதவீதம். போதுமான கையெழுத்து வந்தா அது ஒரு நம்பரோட வோட்டுச் சீட்டுல ஏறிடும். பாதிக்கு மேல "யெஸ்" விழுந்தா சட்டம், சட்டசபையும் கவர்னரும் ஓரமா நின்னு வேடிக்கை பாக்க வேண்டியதுதான்.

ஹோவர்ட் ஜார்விஸ்னு ஒரு ஆளு, எழுபது வயசு தாண்டினவர், பழைய பிசினஸ்காரர், வாயத் திறந்தா வெடி. வருஷக்கணக்கா வரிக்குறைப்பு மனு போட்டு கையெழுத்து பத்தாம தோத்துக்கிட்டே இருந்தவர், ஊர்ல பாதிப் பேர் அவரை ஒரு கிறுக்குன்னுதான் நெனச்சாங்க. மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோ பக்கத்துலேர்ந்து பால் கான்னு இன்னொருத்தர். ரெண்டு பேரும் சேந்தாங்க. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் தெருவுக்குத் தெரு இருந்த வீட்டுக்காரங்க சங்கங்கள் மேஜை போட்டு உக்காந்தாங்க. தேவை அஞ்சு லட்சம் கையெழுத்து, வந்தது 12 லட்சத்துக்கும் மேல. அதுதான் ப்ராப்பொசிஷன் 13, இங்க எல்லாரும் ப்ராப் 13ம்பாங்க. டீச்சர் யூனியன் எதிர்ப்பு, தொழிற்சங்கம் எதிர்ப்பு, இது எதிர்பார்த்ததுதான், ஆனா பெரிய வங்கிகளும் பெரிய கம்பெனிகளும்கூட நிறைய பேர் எதிர்த்தாங்க, இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி சிரிப்பு வரும். சட்டசபை பயந்துபோய் அதே வோட்டுச் சீட்டுல ப்ராப் 8ன்னு ஒரு மிதமான மாற்றுத் திட்டம் வெச்சுச்சு. அது ஜெயிச்சிருந்தா இன்னைக்கு நிலைமை வேற மாதிரி இருந்திருக்கும்னு எனக்குத் தோணும், ஏன்னா வீட்டுக்கு ஒரு விகிதம் கம்பெனிக்கு ஒரு விகிதம்னு பிரிக்க அதுதான் வழி விட்டது. ஆனா தேர்தலுக்கு சில வாரம் முன்னாடி லாஸ் ஏஞ்சலஸ் அசஸர் அந்த வருஷ புது மதிப்புகளை வெளில விட்டார், நிறைய வீட்டுக்கு ரெட்டிப்பு. முடிஞ்சது கதை. 1978 ஜூன் 6, கிட்டத்தட்ட 65 சதவீதம் யெஸ். எதிர்த்துப் பேசின ஜெர்ரி ப்ரவுன் மறுநாளே இது என்னமோ தன்னோட திட்டம் மாதிரி அமல்படுத்த எறங்கிட்டார், நவம்பர்ல மறுபடி ஜெயிச்சும் வந்தார். அரசியல்வாதின்னா அப்படி இருக்கணும்.

உள்ள என்ன எழுதியிருந்துச்சுன்னா, அடிப்படை வரி வீட்டு மதிப்புல 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மதிப்பு 1975ல என்னவோ அதுக்கு பின்னாடி போகணும். அதுக்கப்புறம் வருஷத்துக்கு 2 சதவீதம் மேல ஏத்தக்கூடாது, வீடு கை மாறினாலோ புதுசா கட்டினாலோ மட்டும் அப்போதைய மார்க்கெட் விலைக்கு மதிப்பு போடலாம். இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனா கடைசில ஒரு வரி இருக்கு: மாநில வரி எதையும் ஏத்தணும்னா சட்டசபைல ரெண்டு அவையிலயும் மூணுல ரெண்டு பங்கு வேணும், உள்ளூர்ல தனி வரி போடணும்னா மக்கள்ல மூணுல ரெண்டு பங்கு வேணும். அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல இருந்தா போதும், பூட்டலாம், ஆனா திறக்க மூணுல ரெண்டு பங்கு வேணும். பாட்டி மாதிரி ஆளுங்க போட்டது வீட்டு வரிக்கான வோட்டு, ஆனா அதுல இந்தப் பூட்டும் சேந்தே வந்துடுச்சு. நான் பாத்த வரைக்கும் ப்ராப் 13ஓட உண்மையான பலம் அந்த 1 சதவீதத்துல இல்ல, இந்தப் பூட்டுலதான்.

பாட்டிக்கு வரி குறைஞ்சுதா? குறைஞ்சுது, மூச்சு வந்துச்சு, வீடு கைல நின்னுச்சு. அதை நான் சாதாரணமா சொல்லிட்டுப் போகமாட்டேன். ஆனா மொத்த சொத்து வரி வசூல் ஒரே வருஷத்துல பாதிக்கும் கீழ விழுந்துடுச்சு. கஜானால இருந்த உபரியை எடுத்து ஸ்கூல், கவுண்டி எல்லாத்தையும் மாநிலம் தாங்கிப் புடிச்சுது, அதோட உள்ளூர்க் காசு யார் கைக்கு எவ்வளவுங்கற முடிவும் சாக்ரமென்டோ கைக்குப் போயிடுச்சு. கோடைக்கால ஸ்கூல் வகுப்புகளை நிறுத்தினாங்க, லைப்ரரி நேரத்தைக் குறைச்சாங்க. வாடகைக்கு இருந்தவங்ககிட்ட "வீட்டு ஓனருக்கு வரி குறைஞ்சா உங்க வாடகையும் குறையும்"னு சொல்லித்தான் ஜார்விஸ் வோட்டு கேட்டார் (அவரு அப்பார்ட்மென்ட் ஓனர் சங்கத்துல சம்பளம் வாங்கிட்டிருந்தவர், அது தனிக் கதை). வாடகை குறையல. கடுப்பான வாடகைக்காரங்க அடுத்த வருஷமே சான்டா மோனிகால அதே வோட்டு வழில வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டு வந்துட்டாங்க, சான் ஃபிரான்சிஸ்கோ நகராட்சியும் அதே வருஷம் தானா போட்டுடுச்சு.

இப்போ அநியாயம் எப்படி எடம் மாறுச்சுன்னு பாருங்க. முன்னாடி கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவுல இருந்த பிரச்சனை, இப்போ முன்னாடி வந்தவனுக்கும் பின்னாடி வந்தவனுக்கும் நடுவுல. ஸ்டெஃபனி நார்ட்லிங்கர்னு ஒரு வக்கீல், லாஸ் ஏஞ்சலஸ்ல பால்ட்வின் ஹில்ஸ்ங்கற ஏரியால 1988ல 1,70,000 டாலருக்கு ஒரு சாதாரண வீடு வாங்கினாங்க. வரி 1,700 டாலர். அதே ஏரியால 1975லேர்ந்து இருக்கற அதே மாதிரி வீட்டுக்கு 358 டாலர். அதைவிட, மாலிபு கடற்கரைல 21 லட்சம் டாலர் பெறுமானமுள்ள பங்களாவுக்குப் பழைய ஓனர் கட்டின வரியும் இவங்க கட்டினதும் கிட்டத்தட்ட ஒண்ணு. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1992ல தீர்ப்பு: 8க்கு 1, ப்ராப் 13 செல்லும். வித்தியாசமா நடத்துறது உண்மைதான், ஆனா அப்படி நடத்த மாநிலத்துக்குக் காரணம் இருக்கு, பழைய ஓனர் இந்த வரியை நம்பித்தான் வீட்டுல இருக்கார், புதுசா வாங்கறவர் தெரிஞ்சுதானே வாங்கறார்னு. இந்த வாதம் தப்புன்னு என்னால சொல்ல முடியல, ஏன்னா நானும் தெரிஞ்சுதான் வாங்கினேன். 2003ல வாரன் பஃபெட் இதைப் பத்தி வாயைத் திறந்தார்: ஒமாஹாவுல அவரோட 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 14 ஆயிரம் டாலருக்கு மேல வரி, கலிஃபோர்னியா லகூனா பீச்ல 40 லட்சம் டாலர் வீட்டுக்கு 2,264 டாலர். அப்போ கவர்னர் தேர்தல்ல நின்ன அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கருக்கு இவர்தான் ஆலோசகர். இனிமே ப்ராப் 13 பத்திப் பேசினா 500 சிட்-அப் எடுக்கணும்னு அர்னால்ட் அவருக்கு தண்டனை போட்டார். ஜோக்குதான், ஆனா ப்ராப் 13ஐத் தொடமாட்டேன்ங்கறது அதுல தெளிவா இருந்துச்சு.

சிரிப்பு வரும்னு சொன்னேனே, கம்பெனிகள் விஷயம். மனுஷன் வீட்டை விப்பான், செத்துப்போவான், வீடு கை மாறும். கம்பெனி சாகாது. 1975க்கு முன்னாடி வாங்கின நிலத்துல ஃபேக்டரியோ தியேட்டரோ வெச்சிருக்கற கம்பெனி இன்னும் அந்தக் காலத்து மதிப்புல வருஷத்துக்கு அந்த 2 சதவீதம் மட்டும் ஏத்தித்தான் அந்த நிலத்துக்கு வரி கட்டுது. கம்பெனியையே விலைக்கு வாங்கினாலும், ஒருத்தர் கைக்குப் பாதிக்கு மேல பங்கு வந்தாத்தான் கை மாறினதா கணக்கு. சான்டா மோனிகால ஒரு பெரிய கடற்கரை ஹோட்டலை 2006ல ஒரு கம்ப்யூட்டர் கோடீஸ்வரர் தரப்பு வாங்கும்போது பங்கை மனைவி பேர்ல கொஞ்சம், முதலீட்டுக் கூட்டாளிங்க பேர்ல கொஞ்சம்னு யாருக்கும் 50க்கு மேல போகாம பிரிச்சு வாங்கினாங்க, ஹோட்டல் கை மாறவே இல்லன்னு ஆயிடுச்சு, கவுண்டி கோர்ட்டுக்குப் போயும் தோத்துச்சு. அன்னைக்கு எதிர்த்த கம்பெனிகளுக்குத்தான் இன்னைக்கு இதுல நல்ல வேட்டை.

சரி, வோட்டுல வந்ததை வோட்டுலயே திருத்தலாமேன்னு 2020ல ப்ராப் 15 வந்துச்சு. வீட்டைத் தொடவே இல்ல, விவசாய நிலத்தைத் தொடல, 30 லட்சம் டாலருக்குக் கீழ சொத்து வெச்சிருக்கற சின்ன ஓனரைத் தொடல, பெரிய வணிகச் சொத்துக்கு மட்டும் மார்க்கெட் விலைக்கு வரி, வருஷத்துக்கு 650 கோடிலேர்ந்து 1,150 கோடி டாலர் வரைக்கும் வரும், ஸ்கூலுக்கும் உள்ளூருக்கும் போகும்னு மதிப்பீடு. எனக்கு சிட்டிசன்ஷிப் வந்து போட்ட முதல் பெரிய வோட்டு அது. தமிழ் ஆளுங்க இருக்கற வாட்ஸ்ஆப் குரூப்ல நடந்த சண்டையை இன்னும் மறக்கல. "இன்னைக்கு கம்பெனி, நாளைக்கு நம்ம வீடு"ன்னு ஒருத்தர், "கடைக்காரர் வாடகை ஏறும், தோசை விலை ஏறும்"னு ஒருத்தர், இவங்க எல்லாரும் நார்ட்லிங்கர் மாதிரி ஏமாந்த கட்சிதான், ஆனா அஞ்சாறு வருஷம் வீட்டுல இருந்தாச்சு, மார்க்கெட் விலை மேல போயிடுச்சு, வரி மதிப்பு கீழயே இருக்கு, இப்போ அவங்களும் உள்ள இருக்கற கட்சி ஆயிட்டாங்க. நானும்தான். 48க்கு 52ன்னு ப்ராப் 15 தோத்துச்சு. அதே தேர்தல்ல ப்ராப் 19 மயிரிழைல ஜெயிச்சுது: அப்பா அம்மா வீட்டைப் பழைய வரி மதிப்போட பிள்ளைங்க வாங்கிக்கணும்னா இனி அந்த வீட்டுல குடியிருக்கணும், அதுலயும் விலை ரொம்ப ஒசந்திருந்தா ஒரு வரம்பு. வாடகைக்கு விட்டுட்டு சலுகையை மட்டும் அனுபவிக்க முடியாது. பூட்டுல ஒரு சின்ன ஆணியைக் கழட்டின மாதிரி.

அப்போ எது ஜெயிக்குது? என் கணிப்பு இது. ஜெயிச்ச ரெண்டைச் சொல்றேன். 2012ல, ப்ராப் 13 வந்து 34 வருஷம் கழிச்சு, இதே ஜெர்ரி ப்ரவுன் மறுபடி கவர்னர், மாநிலம் கடன்ல முங்கிக் கெடக்கு, சட்டசபைல அந்த மூணுல ரெண்டு பங்கு கிடைக்கல. அந்தப் பூட்டு சட்டசபைக்குத்தானே, மாநில வரின்னா மக்களுக்குப் பாதி போதும்னு நேரா கையெழுத்து வழிக்கு வந்தார். டீச்சர் யூனியன் ஒண்ணு "கோடீஸ்வரர் வரி"ன்னு தனியா கையெழுத்து வாங்க ஆரம்பிச்சிருந்தாங்க, அதுக்கு ஆதரவு நல்லா இருந்துச்சு, ப்ரவுன் அவங்களோட பேசி ரெண்டையும் ஒண்ணாக்கினார். ப்ராப் 30: இரண்டரை லட்சம் டாலருக்கு மேல வருமானம் உள்ளவங்களுக்கு 7 வருஷம் கூடுதல் வரி, எல்லாருக்கும் விற்பனை வரில கால் சதவீதம் 4 வருஷம். 55 சதவீதம் வாங்கி ஜெயிச்சுது. 2016ல மக்களே பணக்காரங்க பகுதியை 2030 வரைக்கும் நீட்டிச்சாங்க.

இன்னொண்ணு மாசசூசெட்ஸ், இதுதான் பொறுமைக்கு எடுத்துக்காட்டு. அந்த மாநிலத்து அரசியல் சட்டத்துல வருமான வரி எல்லாருக்கும் ஒரே விகிதம்னு இருந்துச்சு, பஸ் ஓட்டுறவருக்கும் ஃபண்ட் மேனேஜருக்கும் அதே சதவீதம். இதை மாத்த 1962, 68, 72, 76, 94ன்னு அஞ்சு தடவை வோட்டுக்கு விட்டு அஞ்சு தடவையும் தோல்வி. ஒவ்வொரு தடவையும் கேட்டது "படிப்படியா ஏறுற வரி போட அனுமதி குடுங்க"ன்னு. ஜனங்க மனசுல ஓடினது "இன்னைக்குப் பணக்காரனுக்கு ஏத்துவான், அப்புறம் படி என் வீட்டு வாசலுக்கு இறங்கி வரும்". 2015 வாக்குல யூனியன்கள், சர்ச்கள், அக்கம்பக்கத்து அமைப்புகள் சேந்த ஒரு கூட்டணி கேள்வியையே மாத்திக் கேட்டுச்சு: வருஷ வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினா தாண்டின பகுதிக்கு மட்டும் கூடுதலா 4 சதவீதம், அந்த 10 லட்சம் விலைவாசியோட சேந்து தானா ஏறும், காசு கல்விக்கும் ரோடு, ரயிலுக்கும்னு சட்டத்துலயே எழுதிடலாம். கையெழுத்து வாங்கி எல்லாம் ரெடி, 2018ல மாநில உச்ச நீதிமன்றம் ஒரே கேள்வில வரியையும் செலவையும் சேத்துக் கேக்க மக்கள் மனுவுக்கு அனுமதி இல்லன்னு தூக்கிப் போட்டுடுச்சு. பெரும்பாலான இயக்கம் அங்கயே கலைஞ்சிருக்கும். இவங்க சட்டசபை வழியா சுத்தி வந்தாங்க, அந்த வழில அந்தத் தடை கிடையாது, ஆனா ரெண்டு கூட்டத்தொடர்ல ரெண்டு தடவை நிறைவேத்தணும். 2019, 2021 ரெண்டுலயும் நிறைவேத்தி, 2022 நவம்பர்ல மக்கள் வோட்டு, 52 சதவீதம். முதல் முழு நிதியாண்டுலயே 200 கோடி டாலருக்கு மேல வந்துச்சு, எதிர்பாத்ததைவிட நிறைய, ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் இலவச சாப்பாட்டுக்கு அதுலேர்ந்துதான் காசு.

அதே மாதிரி கேள்வி இல்லினாய்ல 2020ல தோத்துது. அங்க கேட்டது மறுபடியும் அந்தப் பழைய "அனுமதி குடுங்க". கவர்னர் தன் சொந்தப் பணம் 5 கோடி டாலருக்கு மேல கொட்டினார், எதிர்த்த ஒரு ஃபண்ட் முதலாளியும் 5 கோடிக்கு மேல கொட்டினார், ஜனங்க "உங்க கைல இன்னும் அதிகாரமா, வேண்டாம் சாமி"ன்னுட்டாங்க. அரிஸோனால அதே வருஷம் பணக்காரங்களுக்குக் கூடுதல் வரி வோட்டுல ஜெயிச்சுது, ஆனா கோர்ட்ல போயி செத்துப்போச்சு, மாநில செலவு வரம்பு பத்தின ஒரு பழைய விதி இடிச்சுது, அதோட சட்டசபை எல்லாருக்கும் 2.5 சதவீதம்னு ஒரே விகிதத்தைக் கொண்டு வந்து முடிச்சு விட்டுடுச்சு. வோட்டுல ஜெயிக்கறது பாதி வேலை, எழுதற வக்கீல் மீதிப் பாதி.

நம்ம ஊர்ல இந்த வழியே கிடையாது, சொத்து வரிக்கு மனு போட்டு வோட்டுக்கு விட சட்டத்துல எடம் இல்ல. ஆனா வோட்டுக்கும் வரிக்கும் சம்பந்தம் இல்லன்னும் சொல்லிட முடியாது: தமிழ்நாட்டுல 2018ல ஏத்தின சொத்து வரியை 2019 நவம்பர்ல நிறுத்தி வெச்சாங்க, அப்போ உள்ளாட்சித் தேர்தல் வாசல்ல நின்னுட்டு இருந்துச்சு. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரில முடிஞ்சுது, ஏப்ரல்ல 25லேர்ந்து 150 சதவீதம் வரைக்கும் உயர்வு வந்துச்சு. நாளைப் பாத்துக்கோங்க, நான் ஒண்ணும் சொல்லல.

நீங்க கேட்டதுக்கு இதான் என் பதில். வோட்டுல வரியை மாத்தலாம், அன்னைக்கு வோட்டு போட வந்தவங்களுக்கு அது நியாயமாவும் இருக்கும். 1978ல பாட்டி வோட்டு லிஸ்ட்ல இருந்தாங்க, நான் பொறக்கவே இல்ல. அந்தச் சட்டத்தோட பில்லு எனக்கு வருது. இங்க மளிகைக் கடை வாசல்ல கிளிப்போர்டோட நிக்கறவங்க (ஒரு கையெழுத்துக்கு இவ்வளவுன்னு கூலி, இப்பல்லாம் முக்கால்வாசி அப்படித்தான்) என்கிட்ட நீட்டினா நான் முதல்ல தேடறது யாருக்கு வரி குறையுதுன்னு இல்ல, இதைத் திருப்பி மாத்த எத்தனை வோட்டு வேணும்னு உள்ள எழுதியிருக்காங்கறதைத்தான்.

பாட்டி போன வருஷம் தவறிட்டாங்க. பையன் டெக்ஸஸ்ல இருக்கார், இங்க வந்து குடியிருக்கப் போறதில்ல, ப்ராப் 19 வந்தப்புறம் வீட்டை வெச்சிருந்தா புது மதிப்புக்கு வரி, வித்துட்டார். 17 லட்சம் டாலர். வாங்கினது நம்ம ஊரு ஆளுங்க, திருச்சிப் பக்கம், சின்ன வயசு தம்பதி, எச்1பிதான், இன்னும் வோட்டெல்லாம் இல்ல. நாலு மாசம் கழிச்சு அந்தத் தம்பி கைல ஒரு கவர் எடுத்துக்கிட்டு வந்தாரு. "அண்ணே, டாக்ஸ் எல்லாம் பேங்க்காரனே மாசத் தவணையோட எஸ்க்ரோல புடிச்சுக்கறானே, இது என்ன தனியா பத்தாயிரத்துக்கு மேல ஒரு பில்லு?" சப்ளிமென்டல் பில், பழைய மதிப்புக்கும் புது விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மீதி மாசக் கணக்குப் பாத்து வர்றது, பேங்க் அதைப் புடிக்காது, நாமதான் கட்டணும், யாருமே முன்கூட்டி சொல்லமாட்டாங்க. லேப்டாப்பைத் திறந்து கவுண்டி சைட்ல அவரு வீட்டைக் காட்டினேன். போன வருஷ மதிப்பு ஒரு லட்சத்துச் சொச்சம், இந்த வருஷம் 17 லட்சம். கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "அந்தப் பாட்டி இவ்வளவுதான் கட்டினாங்களா?"ன்னாரு. ஆமான்னேன். அப்புறம் மெதுவா, "உங்க வீட்டுக்கு எவ்வளவுண்ணே?"

காபி போடச் சொல்றேன் இருங்கன்னு உள்ள போயிட்டேன்.